படுக்கையோரப் பணியிலிருந்து நீரிழிவுக் கல்விக்கு: ஒரு செவிலியரின் பணி மாற்றம் பற்றிய நிகழ்வு ஆய்வு

தென்மாவட்டம் ஒன்றில் 120 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனையில் நான் செவிலியர் கண்காணிப்பாளராக இருக்கிறேன். எங்கள் பொது மருத்துவ வார்டில் 14 ஆண்டுகள் வேலை பார்த்த மூத்த செவிலியர் ஒருவர், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில், சர்க்கரை நோயாளிகளுக்குத் தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்ளக் கற்றுக்கொடுக்கும் முழுநேர நீரிழிவுக் கல்வியாளராக மாறினார். அந்த மாற்றம் எப்படி நடந்தது, எங்கே தடுமாறினோம், என்ன கிடைத்தது என்பதை இங்கே எழுதுகிறேன். அவர் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே இது வெளியே வருகிறது. நோயாளிகளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். வார்டில் எல்லோரும் கூப்பிடுவதுபோல அவரை இங்கே 'சிஸ்டர்' என்றே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

சிஸ்டருக்கு அப்போது 37 வயது. ஜி.என்.எம். என்ற செவிலியர் பட்டயப் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்து, இடையில் போஸ்ட் பேசிக் பி.எஸ்.சி. நர்சிங் என்ற பட்டப் படிப்பும் படித்தவர். இரண்டு பிள்ளைகள். மாதத்தில் எட்டுப் பத்து நாள் நைட் டியூட்டி. கை பட்டால் வலிக்காமல் ஊசி போடுவார் என்று பெயர் வாங்கியவர். குழந்தைகள் வார்டில் நரம்பு கிடைக்காவிட்டால் அங்கிருந்தும் ஆள் வந்து இவரைத்தான் கூப்பிடுவார்கள்.

முதுகு வலி அவருக்கு மூன்று ஆண்டுகளாகவே இருந்தது. பக்கவாத நோயாளிகளைப் புரட்டிப் போடுவதும் ஸ்ட்ரெச்சரில் இருந்து கட்டிலுக்கு மாற்றுவதுமாக இருந்த இடுப்பு. எலும்பு மருத்துவர் பார்த்துவிட்டு, இனிமேல் ஆள் தூக்கும் வேலை கூடாது என்று எழுதிக் கொடுத்தார். இந்தக் கட்டத்தில் ஒரு செவிலியருக்கு நாங்கள் வழக்கமாகச் செய்வது ஒன்றுதான். ஓ.பி. ஊசி அறைக்கோ, ரெக்கார்டு பிரிவுக்கோ மாற்றிவிடுவோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் மருத்துவ வார்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 30 படுக்கை. காய்ச்சல், காலில் புண், நெஞ்சுச் சளி, பக்கவாதம் என்று எதற்காகச் சேர்ந்திருந்தாலும், எந்த நாளில் எண்ணிப் பார்த்தாலும் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குச் சர்க்கரையும் கூடவே இருக்கும். உள்ளே இருக்கும் வரை சர்க்கரை அளவு எங்கள் கையில். வேளாவேளைக்கு விரலில் குத்திப் பார்ப்போம், சார்ட்டில் எழுதுவோம், இன்சுலின் போடுவோம். வீட்டுக்குப் போகும் நாளில் பகல் 12 மணியிலிருந்து 2 மணிக்குள் எல்லாம் ஒன்றாக வரும். பில், காப்பீட்டுத் தாள், மருந்துப் பை, வாசலில் ஆட்டோ. அதற்கு நடுவே செவிலியர் ஒருவர் ஐந்து நிமிடம் நின்று, "இது காலையில, இது ராத்திரி, இன்சுலின் இருபது, சுகரைப் பார்த்துக்கோங்க" என்று சொல்லி அனுப்புவார். அந்த ஐந்து நிமிடத்தில் எவ்வளவு விட்டுப்போகிறது என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

தொடக்கமாக அமைந்த நிகழ்வு

62 வயது அம்மா ஒருவர், வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறிய நிலையில் முற்பகலில் கொண்டுவரப்பட்டார். சர்க்கரை அளவு 38, மிகவும் இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் போட்டுக்கொண்டிருந்தது கலவை இன்சுலின் (வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் சேர்ந்தது), காலையில் 20 யூனிட், இரவில் 12. சரியாகச் சாப்பிடவில்லை போலிருக்கிறது என்று எழுதினோம். வார்டில் மூன்று நாள் அதே 20 யூனிட்டை நாங்கள் போட்டபோது ஒரு சிக்கலும் இல்லை. அனுப்பிவிட்டோம்.

ஒரு மாதம் கழித்து அதே அம்மா, அதே நிலையில் வந்தார். டாக்டர் காலை அளவை 16 ஆகக் குறைத்தார். வார்டில் இப்போது சர்க்கரை கொஞ்சம் ஏறவே செய்தது. யாருக்கும் புரியவில்லை. அனுப்பினோம். ஏழு வாரத்தில் மூன்றாவது முறை.

அன்று சிஸ்டர் அம்மாவின் மகனைக் கூப்பிட்டு, வீட்டில் இன்சுலின் சம்பந்தமாக என்னென்ன இருக்கிறதோ அத்தனையையும் அப்படியே எடுத்துவரச் சொன்னார். பிரிட்ஜ் கதவில் வைத்திருந்த சின்ன டிபன் டப்பா ஒன்று வந்தது. மறுநாள் காலையில் சிஸ்டர் அம்மாவிடம், "இன்னிக்கு நான் எடுக்க மாட்டேம்மா. வீட்டுல எப்படி எடுப்பீங்களோ, அப்படியே எடுத்து மட்டும் காட்டுங்க. குத்த வேண்டாம்" என்றார். அம்மா மகனைப் பார்த்தார். "தம்பிதான் சிஸ்டர் எடுத்துக் கொடுக்கும்."

மகன் டப்பாவைத் திறந்தார். பேனா ஊசியில் (குமிழைத் திருப்பி அளவு வைத்துப் போடும் பேனா வடிவ இன்சுலின் கருவி) போடும் கண்ணாடிக் குப்பி ஒன்று, சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்று. பேனா கீழே விழுந்து உடைந்து நாலு மாதமாகிறது. குப்பி வீட்டில் மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று கடையில் சிரிஞ்சு வாங்கி, குப்பியின் ரப்பரில் குத்தி உறிஞ்சிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர் அளவு பார்த்து, சிரிஞ்சில் 16 என்ற கோடு வரை நிதானமாக இழுத்தார். ஒரு குமிழி கூட இல்லை. சிஸ்டர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

வாசிப்பவர்கள் எல்லோரும் செவிலியர்களாக இருக்க மாட்டீர்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். நம் ஊரில் புட்டியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பேனாக் குப்பியில் இருப்பது ஒரு மில்லிக்கு 100 யூனிட். அந்தச் செறிவுக்கான சிரிஞ்சு தனி, அதற்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு அரை மில்லி. 40 யூனிட் இன்சுலினாக இருந்தால் அது 20 யூனிட். பேனாக் குப்பியிலிருந்து எடுத்தால் அதே அரை மில்லி 50 யூனிட். டாக்டர் 16 ஆகக் குறைத்த பிறகும் அம்மாவின் உடம்பில் ஏறியது 40. தினமும் இரண்டரை மடங்கு. வார்டில் எங்களிடம் சரியான புட்டியும் சரியான சிரிஞ்சும் இருந்ததால் எங்கள் கையில் ஒவ்வொரு முறையும் அளவு சரியாக வந்தது. அதனாலேயே காரணம் எங்கள் கண்ணில் படவில்லை.

டிஸ்சார்ஜ் தாளில் '20 யூனிட்' என்று மட்டும் எழுதியிருந்தோம். எந்த இன்சுலின், எந்த சிரிஞ்சு என்று எழுதவில்லை. அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருந்தது.

கவனித்தவை

அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலே சிஸ்டர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். இன்சுலின் போடுகிறவர் யாராக இருந்தாலும், வீட்டுக்குப் போவதற்கு முந்தைய நாள், "ஒருதடவை எடுத்துக் காட்டுங்க" என்பார். பார்த்ததை ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்தார். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டை என் மேசையில் வைத்தார். பிழையில்லாமல் செய்தவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்.

பால்போல இருக்கும் கலவை இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கலக்காமல், மேலே நிற்கும் தெளிந்த பகுதியை மட்டும் எடுத்தவர்கள் இருந்தார்கள். பேனாவை அழுத்திய உடனே ஊசியை உருவி, நுனியிலிருந்து சொட்டுவதைத் துடைத்துவிட்டு அவ்வளவுதான் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். பத்து எண்ணும் வரை ஊசி உள்ளேயே இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஒரே ஊசியை ஒரு மாதம் போட்டவர், ப்ரீசரில் வைத்தால்தான் கெடாது என்று உறைய வைத்தவர் என்று பலர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பேனாவில் 14 திருப்பி, வயிற்றில் குத்தி, அழுத்துவதற்குப் பதிலாகக் குமிழை மறுபடி பூஜ்யத்துக்கே திருப்பிக்கொண்டிருந்தார். எண் குறைவதைப் பார்த்து மருந்து உள்ளே போகிறது என்று நம்பியிருக்கிறார். எட்டு மாதமாக ஒரு சொட்டு இன்சுலின் அவர் உடம்பில் இறங்கவில்லை. அளவோ மாதா மாதம் கூடிக்கொண்டே போயிருந்தது.

இவர்கள் யாரும் அலட்சியக்காரர்கள் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறோம் என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள்.

எடுத்த முடிவும் காரணமும்

சிஸ்டருக்கு முன்னால் மூன்று வழி இருந்தது.

ஒன்று, நான் முதலில் நினைத்த ஓ.பி. ஊசி அறை. முதுகுக்கு நல்லது. ஆனால் 14 ஆண்டு அனுபவத்தை ஊசி போடுவதோடு நிறுத்திவிடும்.

இரண்டாவது, மருந்து நிறுவனம் ஒன்றின் சார்பில் ஒப்பந்த அடிப்படையில் நீரிழிவுக் கல்வியாளர் வேலை. இன்சுலினும் பேனாவும் விற்கும் நிறுவனங்கள் இப்படி ஆட்களை வைத்துக் கிளினிக்குகளுக்கு அனுப்புவதுண்டு. சம்பளம் எங்கள் சம்பளத்தைவிட அதிகம், நைட் டியூட்டி கிடையாது. சிஸ்டர் ஒரு வாரம் யோசித்தார். அந்த வேலையில் நல்லபடியாகச் சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் நாள் முழுக்க ஒரு நிறுவனத்தின் பொருளைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு, 'உங்களுக்குப் பேனா வேண்டாம்மா, விலை குறைந்த புட்டியே போதும்' என்று ஒரு கூலி வேலைக்காரரிடம் சொல்ல முடியுமா என்பது அவருடைய கேள்வி. வேண்டாம் என்று முடிவு செய்தார். வீட்டில் இதற்கு நிறைய வாக்குவாதம் நடந்ததாகப் பின்னால் சொன்னார்.

மூன்றாவது, இங்கேயே அப்படி ஒரு வேலையை உருவாக்குவது. எங்கள் மருத்துவமனையில் அந்தப் பதவியே கிடையாது. நிர்வாகத்திடம் பேச வேண்டிய பொறுப்பு என்னுடையது.

முதல் கூட்டத்துக்கு நான் புள்ளிவிவரத்தோடு போனேன். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, அதாவது பெரியவர்களில் 11.4 சதவீதம் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். இந்த எண்ணை அவர்கள் ஏற்கெனவே செய்தித்தாளில் படித்திருந்தார்கள். இரண்டாவது முறை எண்ணை விட்டுவிட்டு அந்த அம்மாவின் மூன்று கேஸ் ஷீட்டையும், ஒரு பேனாக் குப்பியையும், சிவப்பு மூடி சிரிஞ்சையும் மேசையில் வைத்தேன். நிர்வாக இயக்குநரையே 20 யூனிட் எடுத்துக் காட்டச் சொன்னேன். அவரும் மருத்துவர்தான். சிரிஞ்சைக் கையில் எடுத்தவர் அப்படியே வைத்துவிட்டார். "சரி, மூணு மாசம் பார்ப்போம்" என்றார்.

நிபந்தனைகள் இவை: பகல் டியூட்டி மட்டும், அதில் மதியம் இரண்டு மணி நேரம் கல்விக்கு. சம்பளம் அதேதான், ஆனால் நைட் அலவன்ஸ் போகும். பெயர்ப் பலகை, தனி அறை எதுவும் இப்போதைக்கு இல்லை. சிஸ்டர் ஒப்புக்கொண்டார். நைட் அலவன்ஸ் இழப்பு அவர் குடும்பத்துக்குச் சின்ன விஷயமில்லை. அதைத் தொடக்கத்திலேயே ஈடுகட்டச் சொல்லி நான் வாதாடியிருக்க வேண்டும்.

படிப்பு

வேலையில் இருந்துகொண்டே படிக்கும் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றில் சேர்ந்தார். வகுப்புகள் ஞாயிற்றுக்கிழமைகளில். நடுவில் இரண்டு வாரம் விடுப்பு எடுத்துச் சென்னையில் நீரிழிவுக்கென்றே உள்ள சிகிச்சை மையம் ஒன்றில் கூட இருந்து பார்த்தார். சென்னையில் இந்தத் துறைக்கு நீண்ட வரலாறு உண்டு. டாக்டர் எம். விசுவநாதன் ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இலேயே நீரிழிவுக்குத் தனிப் பிரிவு தொடங்கியவர். அந்த இரண்டு வாரத்தில்தான் மோனோபிலமென்ட் இழையால் பாதத்தின் உணர்ச்சியைச் சோதிப்பதை சிஸ்டர் கையோடு கற்றுக்கொண்டார். சான்றிதழைவிட இந்த இரண்டு வாரம் அதிகம் பயன்பட்டது என்பது அவர் கருத்து. எனக்கும் அப்படியே தோன்றுகிறது.

முதல் மாதங்கள்

தொடக்கம் நன்றாக இல்லை. இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்று சிஸ்டரே சொன்னார்.

முதல் சில வாரங்கள் அவர் செய்தது பிரசங்கம். படிப்பில் கொடுத்த படத் தாள்களை விரித்து வைத்து, கணையம் எங்கே இருக்கிறது என்பதில் ஆரம்பித்து, பாதப் பராமரிப்பு வரை நாற்பது நிமிடம். எதிரே இருப்பவர் தலையாட்டிக்கொண்டே இருப்பார். எழுந்து போகும்போது, "அப்ப சிஸ்டர், பப்பாளி சாப்பிடலாமா?" என்று கேட்பார். ஆரம்பத்திலேயே கேட்க வேண்டியதைக் கேட்க அவருக்கு இடமே கிடைக்கவில்லை.

இன்னொரு சிரமம் கையில் இருந்தது. ஒரு நாள் நான் அறை மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். நடுங்கும் கையோடு ஒரு பெரியவர் பேனாவில் ஊசியைத் திருகப் பார்க்கிறார். புரி சரியாகப் பிடிக்கவில்லை. பத்து விநாடி கூட ஆகியிருக்காது. சிஸ்டரின் கை தானாகப் போய் அதை வாங்கித் திருகிக் கொடுத்துவிட்டது. "இப்பப் போடுங்கய்யா." பெரியவர் போட்டார். பிரமாதம் என்று சிஸ்டர் பாராட்டினார். மறுநாள் காலையில் வீட்டில் யார் திருகுவார்கள்?

வார்டில் அந்தக் கை ஒரு வரம். 30 பேருக்குக் காலை மருந்து எட்டரைக்குள் முடிய வேண்டுமென்றால், வாங்கிச் செய்துவிடுவதுதான் நல்ல செவிலியருக்கு அழகு. 14 ஆண்டுகள் நாங்கள் அப்படித்தான் அவரைப் பழக்கியிருந்தோம். இந்த வேலையில் அதே கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. நான் பார்த்ததைச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. மறுவாரத்திலிருந்து எதிரே உட்காராமல், பக்கத்தில் நாற்காலி போட்டு, இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். அந்தப் பெரியவர் திரும்ப வந்தபோது ஊசி மாட்ட ஆறு நிமிடம் ஆனது. சிஸ்டர் ஆறு நிமிடமும் அசையவில்லை. ஏழாவது முயற்சியில் புரி பிடித்தது. அன்றுதான் இந்த வேலைக்குத் தான் வந்து சேர்ந்ததாக சிஸ்டர் சொல்வார்.

ஒரு பிழை

நான்காவது மாதம் நடந்தது இது. 51 வயது பேருந்து நடத்துநர். வயிற்றில் தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரே இடத்தில் ஏழு ஆண்டாக இன்சுலின் போட்டு, எலுமிச்சை அளவுக்குக் கட்டி தட்டியிருந்தது. அங்கே குத்தினால் வலிக்காது, அதனால் அந்த இடமே அவருக்குப் பிடித்துப் போயிருந்தது. கட்டி தட்டிய இடத்தில் இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது. சிஸ்டர் அதைத் தொட்டுக் கண்டுபிடித்தார், விளக்கினார், இடம் மாற்றிப் போடக் கற்றுக் கொடுத்தார். எல்லாமே சரி. ஆனால் மருத்துவரிடம் சொல்லவில்லை.

நல்ல தோலில் போட்டதும் இன்சுலின் முழுதாக வேலை செய்யும். அதுவரை கட்டிக்காகவே கூடிக்கூடிப் போயிருந்த அளவு இப்போது மிகையாகிவிடும். எனவே இடம் மாற்றும்போது அளவைக் குறைக்க வேண்டிவரும். மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு அவர் மனைவி எழுப்பியபோது உடம்பு தொப்பலாக நனைந்திருந்தது. வீட்டுக் கருவியில் 52. நல்லவேளை, சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்று சிஸ்டர் முதல் நாளே மனைவிக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மனைவி அப்படியே செய்தார். பெரிய ஆபத்தில்லாமல் போனது.

காலையில் சிஸ்டர் என் அறைக்கு வந்து தானாகவே சொன்னார். எழுத்தில் பதிவு செய்தோம். நடத்துநரையும் மனைவியையும் வரவழைத்து, எங்கள் தரப்பில் விட்டுப்போனது இது என்று டாக்டரும் நானும் சிஸ்டரும் சேர்ந்து சொன்னோம். அவர் கோபப்படவில்லை, ஆனால் கோபப்பட அவருக்கு முழு உரிமை இருந்தது.

இந்தப் பிழையில் பெரும்பங்கு என்னுடையது. ஒரு புதிய பணியை உருவாக்கிவிட்டு, அதன் எல்லை எதுவரை என்று எழுதிக் கொடுக்காமல் விட்டிருந்தேன். வார்டில் எல்லை தெளிவாக இருக்கும். ஆர்டர் ஷீட்டில் டாக்டர் எழுதியதைச் செய்கிறோம். கல்வி அறையில் ஆர்டர் ஷீட் கிடையாது. 'இடத்தை மாற்றுங்கள்' என்பது அறிவுரைபோலத்தான் ஒலிக்கிறது. ஆனால் உடம்புக்குள் அது மருந்தின் அளவை மாற்றுவதற்குச் சமம்.

அந்த வாரமே டாக்டரோடு உட்கார்ந்து ஒரு பக்கத் தாள் தயாரித்தோம். ஊசி போடும் முறை, கருவி பயன்படுத்துவது, இன்சுலினைப் பாதுகாப்பது, சர்க்கரை இறங்கினால் செய்ய வேண்டியது, பாதத்தைப் பார்ப்பது: இவற்றை சிஸ்டர் தானே சொல்லலாம். கட்டி தட்டிய இடத்தை மாற்றுவது, சாப்பாட்டு அளவைச் சட்டென்று குறைப்பது, நோன்போ விரதமோ இருப்பது, புதிதாக நடைப்பயிற்சி தொடங்குவது: இவை எல்லாம் அன்றே டாக்டர் பார்வைக்குப் போய், அளவு சரிபார்க்கப்பட்ட பிறகே. கர்ப்பிணிகள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், பாதத்தில் புண் உள்ளவர்கள் முதலில் டாக்டரிடம்.

அடுத்து நடந்தவை

பிரசங்கம் நின்றது. முதல் கேள்வி மாறியது: "உங்களுக்கு இப்ப எது கஷ்டமா இருக்கு?" பதில்கள் பாடத்திட்டத்தில் இல்லாதவையாக இருந்தன. மூன்று ஷிப்ட் மில் வேலையில் எந்த வேளையைக் காலை என்று எண்ணுவது, மருமகள் முன்னால் ஊசி போட வெட்கமாக இருக்கிறது, பிரிட்ஜ் இல்லை. கடைசிக் கேள்விக்கு சிஸ்டர் மண்பானை முறையைக் காட்டினார். பெரிய பானையில் ஈர மணல், அதன்மேல் சின்னக் கலயம், அதற்குள் பிளாஸ்டிக் டப்பாவில் இன்சுலின், வீட்டில் வெயில் படாத மூலை.

சாப்பாட்டைப் பற்றி வாயால் கேட்பதையும் விட்டார். "கொஞ்சமாத்தான் சாப்பிடுறேன் சிஸ்டர்" என்பதில் அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? கேன்டீனிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டு, சோற்றுக் கரண்டி, ஒரு பாத்திரம் சோறு வரவழைத்து, வீட்டில் போடுகிற மாதிரியே போட்டுக் காட்டச் சொன்னார். பெண்கள் கணவர் தட்டில் போடும் அளவும் தன் தட்டில் போடும் அளவும் வேறுவேறாக இருந்தன. பிள்ளைகள் மிச்சம் வைத்ததைச் சாப்பிடுவதை யாருமே கணக்கில் சேர்த்திருக்கவில்லை. கேழ்வரகுக் கூழ் எவ்வளவு குடித்தாலும் ஏறாது என்ற நம்பிக்கையும் பரவலாக இருந்தது. கேழ்வரகிலும் மாவுச்சத்து அரிசிக்குக் கிட்டத்தட்ட சமமாகவே இருக்கிறது, கூழாகக் காய்ச்சினால் இன்னும் சீக்கிரம் ஏறும் என்பதை வாயால் சொல்லிப் பயனில்லை. குடிப்பதற்கு முன்னாலும் இரண்டு மணி நேரம் கழித்தும் கருவியில் பார்த்து எழுதிவரச் சொன்னார். எண்ணைப் பார்த்தபின் அவர்களே அளவைக் குறைத்துக்கொண்டார்கள்.

'மஞ்சள் பை' வழக்கமும் அப்போது வந்தது. வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துவர வேண்டும். சுற்றுக் கிராமங்களில் பலருக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய, தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அது பெரிய வசதி. நாங்களும் அதே மருந்தை வேறு வணிகப் பெயரில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நாங்கள் கேட்டதில்லை, சிலர் இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாவது மாதத்தில் நிர்வாகம் கல்விக்குத் தனிக் கட்டணம் 100 ரூபாய் வைத்தது. வருகிறவர்கள் சட்டென்று குறைந்தார்கள். ஊசி போட்டால் காசு கொடுப்பார்கள், பேசுவதற்கு எதற்குக் காசு என்பது நம் மக்களின் எண்ணம். இரண்டு மாதத்தில் அதை எடுத்துவிட்டு, ஓ.பி. சீட்டிலேயே சேர்த்தோம். டாக்டர் பார்த்து முடித்ததும் அடுத்த அறை சிஸ்டர் அறை என்று வரிசையை அமைத்தோம். எல்லோரும் வர ஆரம்பித்தார்கள்.

இதற்கெல்லாம் வார்டு கொடுத்த விலையும் உண்டு. மூத்த கை ஒன்று போனதும் இளையவர்கள் திணறினார்கள். நரம்பு கிடைக்காத நேரத்தில் இன்னமும் சிஸ்டரைத்தான் தேடி வந்தார்கள், அவரும் பாதிப் பேச்சில் எழுந்து போனார். இரண்டு மாதம் இப்படியே இருக்கவிட்டேன். பிறகுதான் கல்வி நேரத்தில் கூப்பிடக் கூடாது என்று உத்தரவு போட்டேன்.

விளைவு

பதினேழாவது மாதம் சிஸ்டர் முழுநேர நீரிழிவுக் கல்வியாளரானார். சிறிய அறை ஒன்று கிடைத்தது. பலகையில் 'நீரிழிவுக் கல்விப் பிரிவு' என்று இருக்கிறது. நோயாளிகள் 'சுகர் சிஸ்டர் ரூம்' என்கிறார்கள். நைட் அலவன்ஸ் அளவுக்கு ஒரு தொகை சம்பளத்தில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் போன மாதங்களுக்கு எதுவும் தரப்படவில்லை.

அந்த 62 வயது அம்மா, வீட்டில் 40 யூனிட் புட்டியும் சிவப்பு மூடி சிரிஞ்சும் மட்டுமே வைத்துக்கொண்டு, இப்போது தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறார். சர்க்கரை இறங்கி மறுபடி சேரவில்லை. தலைமையாசிரியருக்கு இன்சுலின் அளவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. டிஸ்சார்ஜ் தாளில் இன்சுலினின் பெயர், ஒரு மில்லிக்கு எத்தனை யூனிட், எந்த நிற மூடி சிரிஞ்சு என்று மூன்றையும் எழுதாமல் இப்போது யாரையும் அனுப்புவதில்லை.

மூன்று மாத சராசரிச் சர்க்கரையான எச்.பி.ஏ.1.சி. எவ்வளவு குறைந்தது என்று நிர்வாகம் கேட்டது. பலருக்குக் குறைந்திருந்தது. ஆனால் அதே காலத்தில் மருந்தும் மாறியிருந்தது, ஆகவே இது கல்வியால்தான் என்று எழுதிக் கொடுக்க நான் சம்மதிக்கவில்லை. நேரில் பார்த்துத் திருத்திய பிழைகளின் பதிவேட்டைக் கொடுத்தேன்.

சிஸ்டரின் முதுகு வலி குறைந்திருக்கிறது, போகவில்லை. வார்டு சத்தம் இல்லாதது முதல் ஆறு மாதம் வெறிச்சென்று இருந்தது என்கிறார். காலையில் சேர்ந்தவர் மாலைக்குள் தெளிந்து உட்காரும் சந்தோஷம் இந்த வேலையில் இல்லை. ஒருவர் மாற ஆறு மாதம் ஆகலாம், மாறாமலும் போகலாம். அதைத் தாங்கிக்கொள்ளப் பழகுவதுதான் தனக்குக் கடினமாக இருந்தது என்றார்.

மறுபடி செய்வதென்றால் மாற்றுபவை

எல்லை வகுக்கும் அந்த ஒரு பக்கத் தாளை முதல் நாளே கையில் கொடுத்திருப்பேன். நடத்துநர் வீட்டில் அந்த இரவு நடந்திருக்க வேண்டியதில்லை.

சம்பளத்தைத் தொடக்கத்திலேயே பேசி முடித்திருப்பேன். ஆர்வம் இருக்கிறது என்பதற்காக இழப்பை ஒருவர் தலையில் மட்டும் ஏற்றியது தவறு.

கற்றுக்கொடுக்கும் முறையில் முதல் மாதமே கூட உட்கார்ந்து பார்த்திருப்பேன். ஊசி போடுவதில் கைதேர்ந்தவர் அதைக் கற்றுக் கொடுப்பதிலும் கைதேர்ந்தவராக இருப்பார் என்று எண்ணிக்கொண்டது என் தவறு. இந்தப் பக்கம் வர நினைக்கும் செவிலியர்களுக்கும் இதையே சொல்வேன். படிப்பில் சேர்வதற்கு முன்னால், உங்கள் வார்டிலேயே நாளைக்கு ஒருவரை ஊசி எடுத்துக் காட்டச் சொல்லி, கையை நீட்டாமல் கடைசிவரை பார்த்துக்கொண்டு இருங்கள். அது உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது ஆளை உடனே தயார் செய்திருப்பேன். சிஸ்டர் மகளின் பரீட்சைக்காகப் பத்து நாள் விடுப்பு எடுத்தபோது அறை பூட்டியே கிடந்தது. அதில் ஒரு நாள், பேனா வாங்கியவர் ஒருவர் பூட்டைப் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் கேட்டுக்கொள்கிறேன் என்று போய்விட்டார். இப்போது வார்டிலிருந்து இளைய செவிலியர் ஒருவர் வாரம் இரண்டு மதியம் அந்த அறைக்கு வந்து பக்கத்து நாற்காலியில் உட்காருகிறார். போன வாரம் நான் எட்டிப் பார்த்தபோது, நோயாளி சிரிஞ்சில் குமிழி தட்டிக்கொண்டிருந்தார், அந்தப் பெண்ணின் கை மெல்ல மேசைக்கு வந்தது. சிஸ்டர் ஒன்றும் பேசாமல் அதைப் பிடித்து மடியில் வைத்தார்.